தீக்குச்சியும் வால்வு ட்யூபும் போதும்!

செம்பூரிலிருந்து வி.என். புரவ் மார்க் வழியாக மான்கூர்ட் பக்கம் வேலைக்குப் போகும் தமிழர்கள், ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தைத் தினமும் பஸ்ஸிலிருந்தே பார்க்கிறார்கள். ஏதோ பெரிய படிப்பாளிகளின் இடம் என்று எண்ணத் தோன்றும். ஆனால், பள்ளிப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் புரிந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1974-ல் அதைத் தொடங்கியது.

அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் அதற்கு முன்பே கிராமத்துக்குப் போனவர்கள். 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புது முயற்சி ஆரம்பமானது. கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் என்ற இரு அமைப்புகள் நடத்திய அம்முயற்சிக்கு இவர்கள் கைகொடுத்தார்கள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சோதனை செய்தார்கள். வயலுக்குப் போய் இலையும் மண்ணும் சேகரித்தார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை!

1978-ல் புனே டெல்கோ என்ஜினீயர் அரவிந்த் குப்தா லீவு போட்டு அங்கே வந்தார். சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை அவற்றில் செருகினார். மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ரயில் பாலத்து இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பது பிள்ளைக்குத் தானே விளங்கிவிடும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1978-லேயே ஹோஷங்காபாத் மாவட்டம் முழுவதும் பரவிய அத்திட்டத்தை, 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் உத்தரவில் முடிந்தது. ஆனால் தீக்குச்சியை எந்த உத்தரவும் நிறுத்த முடியாது.

லீவில் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போகிறவர்கள், பிள்ளைகளுக்குத் துணிமணியோடு ஒரு முழம் வால்வு ட்யூபும் வாங்கிச் செல்லலாம். செலவு சொற்பம். 'எத்தனை மார்க்?' என்று கேட்கும் வாய், 'என்ன செய்து பார்த்தாய்?' என்றும் கேட்கட்டும். ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.