தாத்தாவின் கேமராவும் 1.35 வோல்ட்டும்

தாத்தா விட்டுச் சென்றவற்றில் எனக்குக் கிடைத்தது ஒரு கேனன் கேனோநெட் கேமரா. 1972-இல் வெளிவந்த கியூ.எல்.17 ஜி-3 ரகம். கித்தா மரம் சீவிய காசில் வாங்கியது. பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் நடந்த பல கல்யாணங்கள் அதில்தான் பதிவாகின.

லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். கோல சிலாங்கூரில் ஒரு கைக்கடிகாரக் கடையில் எல்.ஆர்.44 மின்கலம் கொடுத்தார்கள். ஒளிமானியின் முள் அசைந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. 36 படங்கள் எடுத்தேன். படச்சுருளைக் கழுவி வாங்கிப் பார்த்தால், வானம் இருக்கிறது. வாசலில் நின்ற பாட்டியின் முகம் கருத்துக் கிடக்கிறது. நிழலில் நிற்க வைத்தது என் பிழை. மீதிப் பிழை மின்கலத்துடையது. அந்த லயம் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். இந்தக் கேமரா பி.எக்ஸ்.625 என்ற பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டது. அது தீரும்வரை ஏறக்குறைய 1.35 வோல்ட்டிலேயே நிற்கும். அதை நம்பித்தான் ஒளிமானியை அளந்து வைத்தார்கள். எல்.ஆர்.44 தருவதோ 1.5 வோல்ட், அதுவும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். மின்னழுத்தம் கூடினால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, துளையைச் சுருக்கிவிடுகிறது. ஏ.எஸ்.ஏ எண்ணைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆனால், வெயிலில் ஒரு பிழை, நிழலில் வேறு பிழை என்றிருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பழைய மின்கலத்தைத் தேடியும் பயனில்லை. பாதரசம் நஞ்சு என்பதால் அமெரிக்கா 1996-இலேயே இவற்றின் விற்பனையைத் தடை செய்தது. 2013-இல் மினமாத்தா உடன்படிக்கையும் வந்தது. எங்காவது பழையது அகப்பட்டால் உடைக்காதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள்.

தீர்வு எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாட்டி காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் 675 என்ற துத்தநாகக் காற்று மின்கலம் இருக்கிறது. அது தருவது சுமார் 1.4 வோல்ட், அந்த அளவும் சீராக நிற்கும். மருந்தகத்தில் கிடைக்கும். ஒன்று கேட்டபோது பாட்டி, "ஏன்யா, அதுக்கும் காது கேக்கலையா?" என்றார்.

பழையதன் குறுக்களவு சுமார் 16 மில்லிமீட்டர்; 675-இன் அளவு 11.6 தான். எனவே சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போடவேண்டும். ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து, பிறகு போடுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். உரித்தபின் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் உலர்ந்துவிடும். நீண்ட நாள் வேண்டுமென்றால், எல்.ஆர்.44 அளவிலேயே உள்ள எஸ்.ஆர்.44 வெள்ளி ஆக்சைடு மின்கலம் நல்லது. அதன் 1.55 வோல்ட்டைக் குறைக்க ஒரு சிறு டயோடு பொருத்திய உறை தேவை.

எல்லாப் பழைய கேமராவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு மின்கலமே வேண்டாம். பென்டாக்ஸ் கே1000 எல்.ஆர்.44-ஐயே ஏற்கும். எங்கள் கேனோநெட்டும் மின்கலம் இல்லாமல் படம் எடுக்கும். துளையையும் வேகத்தையும் நாமே கணிக்கவேண்டும், அவ்வளவுதான். தாத்தா பெரும்பாலும் அப்படித்தான் எடுத்தாராம்.