மேல்மலைக்குப் போகிற பார்சல்

கொடைக்கானலில் இருந்து மேல்மலைக் கிராமமான மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். சமவெளியில் இது ஒரு பொருட்டே இல்லை. இங்கேயோ பூம்பாறை தாண்டி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பனிமூட்டம் இறங்கினால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர வேண்டிய தூரம். ஆன்லைனில் வாங்கிய செல்போன் சென்னையில் இருந்து மலையடிவாரம் வரை ஆயிரம் பொட்டலங்களோடு ஒன்றாக லாரியில் வந்துவிடும். காசைத் தின்பது அதற்குப் பிந்தைய கடைசித் துண்டுதான். சரக்குத் தொழிலில் இதற்கு 'லாஸ்ட் மைல்' என்று பெயர். மேல்மலையில் அந்த ஒரு மைல் இருபது மைலைத் தாண்டுகிறது.

எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்கு அடுத்து என்ற கேள்வி பழையது. பெட்ரோல் பங்குகளுக்கு லாரி அனுப்பும் கணக்காக டான்ட்சிக், ராம்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-லேயே இதை எழுதிவிட்டார்கள். 10 வீடுகள் என்றால் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் சாத்தியம். 15 வீடுகள் என்றால் 1.3 லட்சம் கோடி. இந்தக் கணக்கைப் போட இன்று பைசா செலவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்த 'ஓ.எஸ்.ஆர்.எம்.' இரண்டு இடங்களுக்கு இடையே ஆகும் நேரத்தைச் சொல்லும். பிரான்சில் உருவான 'வ்ரூம்' எந்த வண்டி எந்த வரிசையில் போகலாம் என்று அடுக்கித் தரும். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். பொதுமக்களே வரைந்துவரும் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தை வைத்து இவற்றை ஓட்டலாம்.

ஆனால் மதுரைத் தெருக்களில் கைகொடுக்கிற கணக்கு மன்னவனூரில் ஏறக்குறைய வேலையற்றுப் போகிறது. இங்கே இருப்பது ஒற்றைச் சாலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று அது நீள்கிறது. நடுவில் கூக்கால் ஒரு பக்கம், கும்பூர், கீழானவயல் இன்னொரு பக்கம் என்று கிளைகள். கிளைக்குள் நுழைந்த வண்டி அதே வழியில்தான் திரும்பியாக வேண்டும். எந்த வரிசையில் போனாலும் கிலோமீட்டர் பெரிதாகக் குறையாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. எந்தக் கிளைக்கு எந்தக் கிழமை போவது? எந்த ஊர்க் கடையில் மொத்தமாக இறக்கிவைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கம் ஏற்கெனவே யார் போகிறார்கள்? கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் இந்தச் சாலை வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. காய் ஏற்ற மேலே வருகிற வண்டியில் இடம் இருந்தால் பார்சலுக்கென்று தனி வண்டி எதற்கு? ஏற்றுவது, இறக்குவது, வண்டியின் கொள்ளளவு, நேர வரம்பு எல்லாவற்றையும் 'வ்ரூம்' ஒன்றாக வைத்துக் கணக்கிடும். கூரியர்காரரையும் காய் வியாபாரியையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பதை மட்டும் மனிதர்கள்தான் செய்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் வேகம். 'ஓ.எஸ்.ஆர்.எம்.' தன் இயல்பான அமைப்பில், வேறு விவரம் தரப்படாத மூன்றாம் நிலைச் சாலையில் கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் போவதாக வைத்துக்கொள்கிறது. ஏற்ற இறக்கத்தை அது பார்ப்பதில்லை. பனி மூடிய நேரத்தில் சரக்கு வண்டியை அந்த வேகத்தில் யார் ஓட்டுவார்கள்? நல்லவேளையாக அந்த எண் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் இருக்கிறது. திறந்து திருத்திக்கொள்ளலாம். மலையின் உயரத் தரவும் இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது அது. பூட்டிவைத்த வரைபடச் செயலிகளில் இப்படிக் கைவைக்க முடியாது. மலைக்காரர்களுக்கு ஓப்பன் சோர்ஸ் தேவைப்படுவது இதற்காகத்தான் என்பேன். இலவசம் என்பது அப்புறம்.

வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளாவரைக்கு அப்பால் கேரளத்தின் வட்டவடை எட்டிப்பிடிக்கிற தூரத்தில் தெரியும். வண்டியில் போக வேண்டுமானால் வத்தலகுண்டு இறங்கி, தேனி, போடி, மூணாறு என்று சுற்ற வேண்டும்.

2021-ல் அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஒரு போட்டி நடத்தின. அமெரிக்காவில் உண்மையில் ஓடிய ஆயிரக்கணக்கான டெலிவரி வழித்தடங்களைத் தந்து, மிகக் குறுகிய வழியைக் கேட்காமல், அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்கச் சொன்னார்கள். வென்ற குக், ஹெல்ட், ஹெல்ஸ்கான் மூவரும் உலகறிந்த கணித வல்லுநர்கள். அவர்கள் செய்ததும் ஓட்டுநர்களின் பழக்கங்களை விதிகளாக மாற்றிக் கணக்குக்குள் நுழைத்ததுதான். அத்தனை பெரிய நிறுவனமே ஓட்டுநரின் மூளையைத்தான் தேடிப் போகிறது.

மேல்மலை ஓட்டுநர்களுக்கு எந்த மண்பாதை மழையில் சேறாகும், எங்கே லோடு வண்டி திரும்ப இடமில்லை என்பதெல்லாம் அத்துப்படி. அது வரைபடத்துக்குள் வராதவரை எந்த மென்பொருளும் உதவாது. 'ஸ்ட்ரீட் கம்ப்ளீட்' என்ற இலவசச் செயலி, இந்தச் சாலை தாரா மண்ணா, இந்தத் தெருவின் பெயர் என்ன என்று கேட்கும். பதில் சொன்னால் போதும், அது 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தில் ஏறிவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் குறித்துவைத்து, கிடைக்கும் இடத்தில் அனுப்பலாம். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டிப் பிள்ளைகளே, உங்கள் தெருவில் இருந்தே தொடங்குங்கள். பெயர்களைத் தமிழிலும் எழுதுங்கள்.