ஒருக்கா பார்த்தால் போதுமா? ஜிட் கொம்பைலரும் டைப் சோதனையும்

ஜாவாஸ்கிரிப்ட் எப்படி இவ்வளவு கெதியா ஓடுது எண்டு இந்த எபிசோடில் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்: ஜிட் கொம்பைலர் எந்த டைப் சோதனையைச் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது? வேகமும் அந்த முடிவில்தான் இருக்கு, ஆபத்தும் அங்கேதான்.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளின் விலையையும் எண்ணிக்கையையும் எடுத்துப் பெருக்கச் சொன்னால், அவை எண்ணா, எழுத்தா, வேறு ஏதாவதா எண்டு ஓடும்வரை தெரியாது. ஒவ்வொரு முறையும் பார்க்க வேணும். அதுதான் நேரத்தைத் தின்னும்.

குரோமுக்குள் இருக்கிற வி8 எஞ்சின் இதை ஊகத்தால் சமாளிக்குது. டென்மார்க்கின் ஆர்ஹூஸில் பிறந்த வி8க்கு இப்ப மியூனிச்சில் பெரிய குழு இருக்கு. எங்கட ஊர்ப் பிள்ளை எண்டே சொல்லலாம். 2017இல் வந்த குரோம் 59இலிருந்து அதில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இக்னிஷன் என்ற இன்டர்பிரிட்டர் கோடை ஓட்டிக்கொண்டே, எந்த இடத்தில் என்ன டைப் வருது எண்டு குறித்து வைக்கும். ஒரு ஃபங்ஷன் அடிக்கடி ஓடினால், டர்போஃபேன் அந்தக் குறிப்பை எடுத்து, ‘இதுவரை வந்ததுதான் இனியும் வரும்’ எண்டு நம்பி மெஷின் கோட் எழுதும்.

நம்பினாலும் வாசலில் ஒரு சோதனை வைக்கும். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு ‘வடிவம்’ இருக்கு: விலை முதல் இடத்தில், எண்ணிக்கை இரண்டாம் இடத்தில் என்ற மாதிரி. வடிவம் சரியென்றால் அந்த இடத்திலிருந்து நேரே எடுக்கலாம். பிழையென்றால் அந்த மெஷின் கோடை விட்டுவிட்டு இன்டர்பிரிட்டருக்குத் திரும்பும். மெதுவாகும், ஆனால் விடை சரியாக வரும்.

இனித்தான் முக்கியமான இடம். விலையை எடுக்கும்போது வடிவத்தைப் பார்த்தாச்சு. எண்ணிக்கையை எடுக்கும்போது திரும்பப் பார்க்க வேணுமா?

ரயிலில் டிக்கெட் பார்க்க வருபவரை நினைச்சுப் பாருங்கோ. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையில் ஒருக்கா பார்த்தால் போதும். ஒரு ஸ்டேஷனில் நின்ற பிறகு, புதுசா ஏறினவை இருக்கிறீங்களா எண்டு கேட்டுக்கொண்டு வருவார். டர்போஃபேனும் அப்படித்தான். நடுவில் ஆப்ஜெக்டை மாற்றக்கூடிய எதுவும் நடக்கவில்லையென்றால் இரண்டாவது சோதனையை நீக்கிவிடும். அதற்காக ஒவ்வொரு செயலுக்கும் ‘இது எதையாவது மாற்றுமா, மாற்றாதா’ என்ற குறிப்பு அதனிடம் இருக்கு.

அந்தக் குறிப்பே பிழையென்றால்? 2018இல் அதுதான் நடந்தது. ஆப்ஜெக்ட்.கிரியேட் என்ற செயலுக்கு ‘எதையும் மாற்றாது’ எண்டு குறித்திருந்தது. உண்மையில், நீங்கள் கொடுக்கிற ஆப்ஜெக்டின் உள் அமைப்பை அது மாற்றக்கூடியது. ரயில் ஸ்டேஷனில் நின்றது, ஆனால் டிக்கெட் பார்ப்பவருக்குத் தெரியாது. சோதனை நீங்கிவிட்டதால் கோட் பழைய இடத்திலிருந்தே வாசித்தது. ஒரு முகவரியை எண்ணாகவும், எண்ணை முகவரியாகவும் எடுக்க வைக்க முடிந்தால், ஒரு இணையப் பக்கத்தைத் திறந்ததே தாக்குதலுக்குப் போதும். இதன் பெயர் சிவிஇ-2018-17463. குரோம் 70இல் திருத்தினார்கள். சாமுவேல் குரோஸ் 2019இல் ஃபிராக் இதழில் இதை வரிவரியாக விளக்கினார்.

இது தனிக் கதை இல்லை. 2019க்குப் பிறகு வி8இல் பதிவான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 45 வீதம் ஜிட்டோடு தொடர்பானவை எண்டு 2021இல் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் குழு எழுதியது. எட்ஜில் ஜிட்டையே நிறுத்திப் பார்த்தார்கள். ஆப்பிளின் லொக்டவுன் மோடும் 2022இலிருந்து அதை நிறுத்துது. குரோஸ் பிறகு வி8க்குள்ளேயே வேறு வழியில் போனார்: பிழை வரத்தான் செய்யும், வந்தால் அது ஒரு கூண்டுக்குள் அடங்கட்டும் என்பதுதான் வி8 சாண்ட்பொக்ஸ்.

என்ட கருத்து இதுதான்: ஒரு சோதனையை நீக்குவது சும்மா கிடைக்கும் வேகம் இல்லை, ‘நடுவில் ஒன்றும் மாறவில்லை’ என்ற வாக்குறுதியை யாரோ கொடுத்திருக்க வேணும். கான்ட்ராக்ட் வேலையில் மற்றவை எழுதின கோடை வேகப்படுத்தச் சொல்லும்போது நான் முதலில் தேடுவதும் அந்த வாக்குறுதியைத்தான்.

உங்களுக்கு இரண்டு விஷயம். ஆப்ஜெக்டுகளை எப்பவும் ஒரே வரிசையில், ஒரே ஃபீல்டுகளோடு உருவாக்குங்கோ, ஊகம் பிழைக்காது. பிரவுசர் அப்டேட் கேட்டால் நாளைக்கு எண்டு தள்ளாதீங்கோ.

கேள்வி இருந்தால் இதுக்கே பதில் எழுதுங்கோ, அடுத்த எபிசோடில் கதைப்போம்.