முதல் மோட்டார்: நிற்கும் தூரத்தைப் பார்த்து வாங்குங்கள்

மாணவர்களே, 16 வயது நிறைந்ததும் உங்களில் பலர் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா, எப்போது மோட்டார் வாங்கித் தருவீர்கள்?" என்பதுதான். கெடா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் பண்டார் பாரு மாவட்டத்தில் இந்தக் கேள்வி வெறும் ஆசையில் பிறப்பதில்லை. மாவட்டத்தின் வடக்கே கூலிம், மேற்கே பினாங்கின் நிபோங் திபால், கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். பள்ளி ஓரிடம், டியூஷன் ஓரிடம், கடைத்தெரு வேறிடம். செம்பனைத் தோட்டத்துக்குள் வீடு இருந்தால் பெரிய சாலைக்கு வருவதற்கே சில கிலோமீட்டர் செம்மண் பாதை உண்டு. மோட்டார் அங்கே கால் மாதிரி.

கடைக்குப் போனதும் பெரும்பாலோர் கேட்பது, "எத்தனை சிசி? எவ்வளவு வேகம் போகும்?" என்று. இந்த வாரம் நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "அவசரத்தில் என்னால் இதை எத்தனை மீட்டருக்குள் நிறுத்த முடியும்?" இதற்கு விடை காண நான்காம் படிவ இயற்பியல் போதும். விடை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு செய்தி: மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

பூப்பந்து மைதானத்தால் அளந்து பார்ப்போம்

நிற்கும் தூரத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஆபத்தைக் கண்டு, முடிவெடுத்து, கை பிரேக்கைப் பிடிக்கும்வரை மோட்டார் ஓடும் தூரம் முதற்பகுதி. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டாவது பகுதி.

முதற்பகுதியைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை. நண்பர் ஓர் அளவுகோலை உங்கள் விரல்களுக்கு நடுவே செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். நீங்கள் பிடிப்பதற்குள் அது 20 செண்டிமீட்டர் விழுந்திருந்தால், நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. விழும் என்று காத்திருந்தபோதே இவ்வளவு நேரம் ஆகிறது. சாலையில் நாய் குறுக்கே வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஆகவே ஒரு முழு வினாடி என்று கணக்கு வைப்பது நியாயம்.

இரண்டாவது பகுதி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை 0.7 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது இது:

மணிக்கு 30 கிமீ: 8 மீட்டர் + 5 மீட்டர் = சுமார் 13 மீட்டர்
மணிக்கு 60 கிமீ: 17 மீட்டர் + 20 மீட்டர் = சுமார் 37 மீட்டர்
மணிக்கு 90 கிமீ: 25 மீட்டர் + 46 மீட்டர் = சுமார் 71 மீட்டர்

பூப்பந்து மைதானத்தின் நீளம் 13.4 மீட்டர். 30 கிமீ வேகத்தில் ஒரு மைதானத்துக்குள் நின்றுவிடலாம். 60 கிமீ வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று மைதானங்கள் வேண்டும். 90 கிமீ வேகத்தில் ஐந்தும் போதாது. இவை பிரேக்கை முழுத் திறமையுடன் பிடிக்கத் தெரிந்தவருக்கான எண்கள். புதிதாக ஓட்டுபவருக்கு இன்னும் கூடுதலாகும்.

மழை பெய்து சாலை நனைந்தால் உராய்வுக் குணகம் சுமார் 0.5க்குக் குறையும். தோட்டத்துச் சரளைப் பாதையில் அதைவிடவும் குறையும்; 0.35 என்று வைத்துக்கொண்டால் பிரேக் தூரம் தார்ச்சாலையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. "தோட்டத்து ரோடுதானே" என்று சொல்வது எவ்வளவு தவறு என்று இப்போது தெரிகிறதா? மோட்டாரை நிறுத்துவதற்குக் கடினமான சாலை அதுதான்.

கப்சாய் எப்படி வந்தது?

நம் ஊரில் சின்ன மோட்டாருக்குக் கப்சாய் என்று பெயர். ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டியின் பெயரோடு, சின்னது என்று பொருள்படும் 'சாய்' என்ற கண்டோனீஸ் சொல் ஒட்டிக்கொண்டு இந்தப் பெயர் உண்டானதாகச் சொல்வார்கள். சூப்பர் கப் வரிசையில் 2017க்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராகிவிட்டன. கெடா மாநிலத்திலேயே, குருண் நகரில் உள்ள மொடெனாஸ் தொழிற்சாலை 1996 முதல் கிறிஸ் என்ற கப்சாயைச் செய்து வந்தது.

இந்த வடிவமைப்பு புதியவருக்கு ஏன் பொருந்துகிறது? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது கிளட்ச். கப்சாயில் இடது கைக்குக் கிளட்ச் பிடி கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விளைவால் உள்ளே இருக்கும் பாகங்கள் வெளிப்புறமாக விரிந்து, எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கின்றன. சுழற்சி குறைந்தால் தாமாகவே விலகுகின்றன. சந்தியில் எஞ்சின் அணைந்து தடுமாறும் தொல்லை இல்லை. புதியவரின் கவனம் கிளட்சில் போகாமல் சாலையில் இருக்கும்.

இரண்டாவது சக்கரம். பெரும்பாலான கப்சாய்களின் சக்கர வளையம் 17 அங்குலம். ஸ்கூட்டர்கள் பலவற்றில் 12 அல்லது 14 அங்குலம்தான். சின்னச் சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும். பெரிய சக்கரம் அதே குழியை எளிதாகத் தாண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த பாதையில் இந்த வேறுபாட்டை உங்கள் கைகளே சொல்லும்.

மூன்றாவது எடை. கப்சாயின் எடை சுமார் 100 கிலோ. 250 சிசி மோட்டார் 160 கிலோவைத் தாண்டலாம். நின்றுகொண்டிருக்கும்போது வண்டி 30 பாகை சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், உங்கள் கை ஒரு மீட்டர் உயரத்திலும் இருந்தால், கப்சாயைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ 25 கிலோ சுமைக்கு ஈடான விசை வேண்டும். 160 கிலோ வண்டிக்கு 40 கிலோவுக்கு ஈடான விசை தேவை. அதாவது, 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டரைக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவியோ மாணவரோ எதைத் தாங்க முடியும்?

ஆகவே கடையில் முதலில் செய்ய வேண்டியது, இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது. இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டினால், அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று.

150 சிசி வேண்டாமா?

110 சிசி கப்சாயின் எஞ்சின் சுமார் 6 கிலோவாட் திறன் தரும். இளைஞர்கள் விரும்பும் 150 சிசி மோட்டார் சுமார் 11 கிலோவாட் தரும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்கார்ந்தால், முதல் வண்டியில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 39 வாட். இரண்டாவதில் 64 வாட். வலது கை தவறுதலாக அதே அளவு கூடுதலாகத் திரும்பினாலும், இரண்டாவது வண்டி உங்களை இன்னும் வலுவாக முன்னே தள்ளும். தேர்ந்தவர் அதைச் சமாளிப்பார். முதல் மாதத்தில் எல்லோரும் கையைத் தவறாகத் திருப்புவார்கள். அந்தத் தவறு சின்னதாக முடிவது நல்லது.

உரிமம் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், 16 வயதில் பெறக்கூடிய பி2 உரிமம் 250 சிசி வரை ஓட்ட அனுமதிக்கிறது. அது சட்டத்தின் மேல் எல்லை. புதியவருக்கு எது பொருத்தம் என்று அது சொல்லவில்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்லப்படும் பொய்

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துவிடுவாய்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையில் நான்கில் மூன்று பங்குவரை முன்சக்கரத்தின் மேல் வந்துவிடும். எடை அழுத்தும் இடத்தில்தான் உராய்வு அதிகம். எனவே, பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே விடுகிறார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் செய்யும்.

முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்குவதுதான் ஆபத்து. அதுவும் வளைவிலும் சரளையிலும் மிகப் பெரிய ஆபத்து. நேராகச் செல்லும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். பயிற்சிப் பள்ளித் திடலில் இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? உருளும் டயருக்கும் சாலைக்கும் இடையே இருப்பது நிலை உராய்வு. பூட்டிய டயர் வழுக்கும்போது அது இயக்க உராய்வாகக் குறைந்துவிடுகிறது. ஏபிஎஸ் என்ற கருவி சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து, பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மோட்டார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழுள்ளவற்றுக்கு முன், பின் பிரேக்குகளைச் சேர்த்து இயக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும். குடும்பத்தின் பணம் இடம் கொடுத்தால், கூடுதல் சிசிக்குக் கொடுப்பதைவிட நல்ல பிரேக்குக்குக் கொடுங்கள். குறைந்தது, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கினால்

பல குடும்பங்களில் முதல் மோட்டார், மாமாவோ அண்ணனோ ஓட்டிய பழைய வண்டியாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய் இவற்றைப் பாருங்கள்:

முன்பக்கக் கவை நேராக இருக்கிறதா? கைப்பிடி நேராக இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முன்பு மோதிய வண்டியாக இருக்கலாம்.
டயர்களின் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றனவா? பக்கவாட்டில் வெடிப்பு உண்டா?
செயின் தொங்குகிறதா? பல்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா?
முன்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல், இரு பக்கக் கண்ணாடி எல்லாம் உள்ளனவா?
எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் கெரானில் உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா?

மெல்லிய டயர் மாட்டிய வண்டியைத் தவிருங்கள். அதற்குள் காற்று குறைவு, குழியில் இறங்கினால் சக்கர வளையம் நெளியும், ஈரமண்ணில் புதையும்.

முன்விளக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1992 முதல் மலேசியாவில் மோட்டார்கள் பகலிலும் விளக்கை எரியவிட வேண்டும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாததால் நேரும் மோட்டார் விபத்துகள் அதனால் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக மலேசிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒரு சின்ன பல்ப் செய்த வேலை அது.

தலைக்கவசத்தின் கணக்கு

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 20 கிமீ வேகத்தில் இருக்கும். வெறுந்தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றால், மூளை உணரும் வேகக்குறைவு புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு. கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நசுங்கி 25 மில்லிமீட்டரில் நிறுத்தினால், அது 60 மடங்காகக் குறைகிறது. நுரை நசுங்குவதுதான் அதன் வேலை. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியக்கூடாது என்பது இதனால்தான். தலைக்கவசம் அணிந்தால் விபத்தில் இறக்கும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பு சுமார் 69 விழுக்காடும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிரிம் முத்திரை உள்ளதாக, தலைக்குச் சரியான அளவில் வாங்கி, வாரைப் பூட்டுங்கள். வாரைப் பூட்டாத கவசம் உங்களுக்கு முன்னே பறந்துவிடும்.

வாங்கும் முன் நினைவில் வையுங்கள்

16 வயதுக்கு முன், தோட்டத்துக்குள் என்றாலும் ஓட்ட வேண்டாம். எல் உரிமம் மட்டும் உள்ளபோது பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. பி உரிமம் கிடைத்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தகுதிகாண் காலம்தான். நண்பர் ஒருவர் பின்னால் ஏறினால் நிறுத்த வேண்டிய எடை கூடுகிறது. பிரேக்கைக் கூடுதலாக அழுத்த வேண்டும். வண்டி திரும்பும் விதமும் மாறும். தனியாக நன்கு பழகிய பிறகே துணையோடு செல்லுங்கள்.

கடைக்குப் போகும் முன், பள்ளித் திடலில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து 13, 37, 71 மீட்டர் தூரங்களில் மூன்று கற்களை வையுங்கள். வாங்கித் தரப்போகும் அப்பாவையோ அம்மாவையோ கோட்டில் நிறுத்தி, அந்தக் கற்களைக் காட்டுங்கள். எந்த வண்டி, எந்த வேகம் என்று பிறகு இருவரும் சேர்ந்து பேசலாம்.