எஞ்சின் மாறினால் மூளையும் மாறவேண்டும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் திருத்த இயலாத நிலையை அடைந்தால், அதனைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். கொழும்பு, பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவுக்கு எஞ்சின் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்பர்: குதிரைவலு எவ்வளவு? எவ்வளவு தூரம் ஓடியது? விலை என்ன? இவற்றுக்கு முன்னர் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வெஞ்சினை ஆளும் மூளை எங்கே?

எம் தந்தையர் காலத்து மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இக்கேள்விக்கு இடம் வைக்கவில்லை. உள்ளிழுக்கப்படும் காற்றின் வேகத்தினாலேயே காபுரேற்றர் பெற்றோலை அளந்து கொடுத்தது. டிஸ்ரிபியூட்டரினுள் இருந்த சிறு எடைகளும் வில்களும் தீப்பொறியின் நேரத்தைத் திருத்தின. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய வண்டிகள் சிறிதளவு பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியமை பலரும் அறிந்ததே. கைத்திறனும் செவிக்கூர்மையும் உடைய மெக்கானிக் ஒருவருக்கு அவ்வெஞ்சின்கள் பணிந்து நடந்தன.

இன்றைய எஞ்சின் அவ்வாறு பணிவதில்லை. காற்றின் அளவு, வெப்பம், சுழற்சி, புகையில் எஞ்சும் ஒட்சிசன் ஆகியவற்றை உணரிகள் இடையறாது அறிவிக்கின்றன. இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டி அவற்றைத் தன் நினைவிலுள்ள அட்டவணைகளோடு ஒப்பிட்டு, எரிபொருளை ஆயிரத்திலொரு செக்கன் அளவிலே கணித்து விடுகின்றது. அவ்வட்டவணைகள் குறித்த ஓர் எஞ்சினுக்கென எழுதப்பட்டவை. பிறிதோர் எஞ்சினுக்கு அவை பொருந்தா.

இதற்கு நல்ல உதாரணம் ஹொண்டா நிறுவனம் 1989இல் ஜப்பானில் இன்ரெக்ரா வண்டியில் அறிமுகஞ் செய்த பி16ஏ எஞ்சின். 1,595 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினின்று 160 குதிரைவலுவைத் தந்தமையால், பழைய சிவிக் வண்டிகளில் மாற்றிப் பூட்ட விரும்புவோர் பல நாடுகளிலும் இதனைத் தேடினர். இதன் கேம் தண்டில், மெதுவாக ஓடுவதற்கு உயரம் குறைந்த முனைகளும், விரைந்து ஓடுவதற்கு உயரம் கூடிய முனைகளும் உள்ளன. சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 5,000ஐக் கடந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சிறு வால்வைத் திறக்கும். எண்ணெயமுக்கம் ஓர் ஊசியைத் தள்ள, உயர்ந்த முனைகள் தொழிற்படத் தொடங்கும். இந்த ஏற்பாட்டை அறியாத சாதாரண சிவிக்கின் பெட்டியை அப்படியே விட்டுவிட்டால், எஞ்சின் ஓடக்கூடும். ஆனால் அக்கட்டளை ஒருபோதும் பிறக்காது. எதற்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அவ்வலு உறங்கியே கிடக்கும்.

வேறு இடர்களும் உள. எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர்களுட் சில இரண்டு மூன்று ஓம் தடையும், வேறு சில பன்னிரண்டு ஓம் அளவிலான தடையும் உடையவை. பின்னதற்கென அமைந்த பெட்டியோடு முன்னதை நேரே இணைத்தால், மிகை மின்னோட்டத்தினால் பெட்டியே கருகிவிடலாம். இடையில் தடைகள் சேர்த்தல் வேண்டும். ஒரே நிறுவனத்தின் வண்டிகளாயினும் ஆண்டுக்கு ஆண்டு இணைப்பிகள் வேறுபடும். தானியங்கிக் கியர்பெட்டிக்குரிய பெட்டி, கையாற் கியர் மாற்றும் வண்டியிற் குறை காட்டக்கூடும். களவுத் தடுப்புப் பொருத்திய வண்டியாயின், தன் சாவியை அடையாளங் காணாத பெட்டி எஞ்சினைத் தொடக்கவே விடாது.

ஆகவே, எஞ்சின், கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்பிக்கோவை, உணரிகள், சாவி ஆகியவற்றை ஒரே வண்டியினின்று ஒருங்கே பெறுதலே சிறந்தது. பெட்டியின் மேலுள்ள இலக்கத்தை முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பிகளை அறுத்தபின் நிறத்தை மட்டும் நம்பி ஒட்டுதல் ஆகாது. வரைபடத்தைக் கையில் வைத்தே இணைத்தல் வேண்டும். உரிய பெட்டி கிடைக்காதவிடத்து, வேண்டியவாறு நிரற்படுத்தக்கூடிய தனிப்பெட்டிகள் உள்ளன. எனினும், அவற்றின் அட்டவணைகளை ஆக்குவதற்குத் தேர்ந்த அறிவும் அளவுகருவிகளும் தேவை.

இது வண்டிக்காரருடைய பணப்பையை மட்டும் பற்றிய விடயமன்று. பொருந்தாத மூளை எரிபொருளை மிகுதியாக விடும். எரியாத எஞ்சியது புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுத்து, அனைவரும் சுவாசிக்கும் காற்றிற் கலக்கும். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், மாற்றும் எஞ்சின் வண்டியின் ஆண்டுக்கு முற்பட்டதாக இருத்தலாகாது என்றும், அதற்குரிய புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் யாவும் உடன்வர வேண்டுமென்றும் விதியுண்டு. இலங்கையிலும் 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கப்பட்டது. எச்சரிக்கை விளக்கின் குமிழைக் கழற்றி வைப்பதனால் குறை நீங்கிவிடாது.

மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறையின் கூர்மதி நம்மவரிடம் அற்றுப்போகவில்லை. அம்மதிக்கு இன்று வேண்டுவது மின்சுற்று வரைபடத்தைப் படிக்கும் பயிற்சி. பௌதிக வகுப்பில் ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையில் ஓர் இன்ஜெக்டரையும் வரைந்து காட்டுவாராயின், நாளை பட்டறைக்குச் செல்லும் மாணவனுக்கு அது பெருந்துணையாகும்.