கபாலமும் சர்க்கரைப் பாகும்

முசிறியிலிருந்து காவிரியின் வடகரைச் சாலையில் கிழக்கு நோக்கி வருவோமானால், கொள்ளிடத்தின் வடபுறத்தில் உத்தமர் கோயிலைக் காணலாம். அயன், அரி, அரன் மூவருக்கும் ஒரே மதிலுக்குள் சந்நிதி அமைந்த தலம் அது. கரம்பனூர் என்பது அதன் பழம்பெயர். பிச்சாண்டார் கோயில் என்றும் வழங்குவர். அப்பெயரின் பின்னே ஒரு கதை இருக்கிறது. சிவபெருமான் பிரமனுடைய ஐந்தாவது தலையைக் கொய்தார். மண்டையோடு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சோறு இட்டாலும் அதை விழுங்கிவிட்டு வெறுமையாகவே நின்றது. கரம்பனூரில் பூரணவல்லித் தாயார் இட்ட பிச்சையினால்தான் அக்கபாலம் நிறைந்தது என்று தலபுராணம் கூறும். கையை விட்டு அது நீங்கிய இடம் தஞ்சைக்கு அருகிலுள்ள கண்டியூர் என்பர்.

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் இதே கதை வேறு வடிவம் கொள்கிறது. அங்கே அம்மை சோற்று உருண்டைகளைக் கபாலத்தில் இடுகிறாள். கடைசி உருண்டையை வேண்டுமென்றே தரையில் இறைக்கிறாள். சுவை கண்ட கபாலம் கையை விட்டு இறங்கி உண்ணத் தொடங்கியதும், அங்காளியாக உருவெடுத்து அதை மிதித்து அடக்குகிறாள். மாசி அமாவாசையன்று நடைபெறும் மயானக் கொள்ளை விழா இதன் நினைவே. அவித்த தானியங்களும் கொழுக்கட்டையும் காய்கனிகளும் சுடுகாட்டிலே குவிக்கப்பட்டுச் சூறை விடப்படுகின்றன.

மாணவ நண்பர்களே, பசித்த மண்டையோட்டுக்குச் சோறிட்ட கதையைப் போற்றும் நாம், மண்டையோட்டையே தின்பண்டமாக்கிய ஒரு நாட்டாரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டுவதில்லை. அந்நாடு மெக்ஸிகோ. நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களும் அங்கே இறந்தோர் நாட்கள். முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கு உரியது, மறுநாள் பெரியவர்களுக்கு. (நம் திருச்சிக் கத்தோலிக்கர்கள் கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பதும் அதே நவம்பர் 2-ம் தேதிதான்.) வீட்டில் ஒரு மேடை அமைத்து, இறந்தவரின் படம், அவருக்குப் பிரியமான உணவு, தண்ணீர், சாமந்தி மலர் ஆகியவற்றை வைக்கிறார்கள். எலும்பு வடிவில் மாவை உருட்டி மேலே ஒட்டிச் சுட்ட ரொட்டியும் உண்டு. இவற்றினிடையே வரிசையாகச் சிரித்துக்கொண்டிருப்பவை சர்க்கரை மண்டையோடுகள்! நெற்றியிலே ஒரு பெயர் எழுதியிருக்கும். அது இறந்தவர் பெயராகவும் இருக்கலாம். உயிரோடிருக்கும் நண்பன் பெயராகவும் இருக்கலாம். தன் பெயர் எழுதிய மண்டையோட்டைத் தானே கடித்துத் தின்னும் சிறுவன் மரணத்துக்கு அஞ்சுவானோ, என்னவோ!

அதைச் செய்யும் முறை நம் சமையற்காரர்களுக்குப் புதிதன்று. சர்க்கரையைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, உருட்டும் பதம் வந்ததும் இறக்கி, சிறிது எலுமிச்சம் சாறு பிழிகிறார்கள். புளிப்பு, சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. இவை கலந்திருப்பதால் பெரிய படிகங்கள் சட்டென்று வளர இயலாது. பாகு மணல் மணலாகப் பூத்துப்போவதில்லை. பின்னர் மரத் துடுப்பால் கடைந்து, பால்போல் வெளுத்ததும், இரண்டு பாதிகளாகச் சேர்த்துக் கட்டிய மண் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சை முன்னதாகவே நீரில் ஊறவைத்திருப்பார்கள். பருப்புத் தேங்காய்க் கூட்டுக்கு நாம் உள்ளே நெய் தடவுகிறோம் அல்லவா? அங்கே அவ்வேலையை ஈரம் செய்கிறது. அச்சின் சுவரைத் தொட்ட பாகு முதலில் இறுகும்; நடுப்பகுதி இளகியே இருக்கும். அச்சமயம் பார்த்து அச்சைக் கவிழ்த்தால் உட்பாகு வழிந்துவிடும்; மெல்லிய ஓடு மட்டும் நிற்கும். ஒரு நொடி தாமதித்தால் கட்டியாகிவிடும். முந்திவிட்டால் ஓடே இல்லை. கைப்பழக்கமெல்லாம் இந்த இடத்தில்தான். உலர்ந்தபின் வண்ணச் சர்க்கரைக் குழம்பால் பூவும் கோலமும் வரைந்து, கண்குழியில் பளபளக்கும் காகிதம் ஒட்டுவார்கள்.

இவ்வகைச் சர்க்கரை வேலைக்கு ஸ்பானிய மொழியில் அல்ஃபெனிக்கே என்று பெயர். அரபியில் ஃபானீத்; பாரசீகத்தில் பானீத்; அதற்கும் முன்னே வடமொழியில் பாணிதம். கரும்பிலிருந்து ஆகும் பொருள்களுள் ஒன்றாகப் பாணிதத்தை அர்த்த சாஸ்திரம் குறிப்பிடுகிறது. இந்நாட்டார் கற்ற பாகு வித்தை பாரசீகம் சென்று, அராபியரோடு ஸ்பெயினை அடைந்தது. 1493-ல் கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில் கரும்பை மேற்கிந்தியத் தீவுக்குக் கொண்டு சென்றார். பிறகு அது மெக்ஸிகோவையும் அடைந்தது. அவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. நாம் மாலை கட்டும் துலுக்கச் சாமந்தி மெக்ஸிகோவிலிருந்து வந்த செடி!

இத்தகைய பண்டம் நம்மிடம் இல்லையா என்று கேட்கலாம். ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபப் படித்துறையில் ஆடி அமாவாசையன்று எள்ளும் அரிசிப் பிண்டமும் வைப்பதைக் காண்கிறோம். பல வீடுகளில் திதியன்று அதிரசமும் எள்ளுருண்டையும் செய்வார்கள். என் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைந்த தினத்தில் என் தாயார் வெல்லப் பாகு காய்ச்சியது நினைவிருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டார். 'டங்' என்று ஓசை கேட்டதும் எள்ளைக் கொட்டினார். சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும். ஆதலால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவருக்கு நேரமில்லை. எனக்கு அப்போது வயது ஏழு. அப்பா உண்டு முடிக்கும்வரை தொடக் கூடாது என்றார்கள். காகம் வந்து போனபின் முதல் உருண்டையை என் கையில்தான் வைத்தார்.