பாதை கேட்ட பரங்கிமலை ஆசிரியர்

சிட்லபாக்கத்தார் சானட்டோரியம் நிலையத்தில் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்வண்டியில் ஏறினால், ஆறாவது நிறுத்தம் பரங்கிமலை. திருத்தூதர் தோமாவின் நினைவைத் தாங்கி நிற்கும் அம்மலையை நம்முள் அறியாதார் இலர். ஆயின், அதே பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பிறந்து, 1943 ஆகஸ்டு 20-ஆம் நாள் அங்கேயே கண்மூடிய ஒரு சட்டமன்ற உறுப்பினரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ராவ் பகதூர் எம். சி. ராஜா. சைதாப்பேட்டையிலுள்ள அரசு மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்கு உரியவர் யார், அவர் செய்தது யாது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு சட்டமன்றத்தில் எண்ணிக்கைப் பலமே இல்லாத ஒருவரால் ஆவது என்ன என்று கேட்போர் பலர். அக்கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடை. அவர் வானத்தை வளைக்கக் கேட்கவில்லை. இழிவில்லாத ஒரு பெயர், நடப்பதற்கு ஒரு பாதை, நீர் முகக்க ஒரு கிணறு, பிள்ளை உட்காரப் பள்ளியில் ஓரிடம்: இவற்றையே கேட்டார், ஓயாது கேட்டார்.

அன்றைய செங்கற்பட்டுச் சீமை

அவர் பிள்ளைப் பருவத்தைக் கழித்த நாளில் நம் வட்டாரம் எந்நிலையில் இருந்தது? செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராய் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், 1890-களின் தொடக்கத்தில் அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். வயலில் பாடுபடும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பயிரிட நிலம் இல்லாமை ஒருபுறமிருக்க, குடிசை கட்டியிருந்த மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரர் சினங்கொண்டால் அன்றே வெளியேற வேண்டியதுதான் என்று அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பயனாகவே 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்று இன்றளவும் பேசப்படுவது அதுவே.

இத்தகைய காலத்தில் ராஜா கல்வி கற்றார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். இன்று தாம்பரத்தில் மரங்களடர்ந்த வளாகத்தில் விளங்கும் அக்கல்லூரி அன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் அது தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. கல்லூரிப் படிப்பு முடித்த ராஜா ஆசிரியரானார். மாணவர்க்கான பாடநூல்களும் எழுதினார். ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகிப் பொதுவாழ்வில் இறங்கிய பின்னரும், அவரிடம் ஆசிரியரின் பண்பு மாறவில்லை. ஒரே பாடத்தை மாணவர்க்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது ஆசிரியர் இயல்பன்றோ? சட்டமன்றத்திலும் அவர் அவ்வாறே செய்தார்.

முதலில் ஒரு பெயர்

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920-இல் தேர்தல் நடந்து, சென்னைச் சட்டமன்றம் புதிதாய் அமைந்தது. 127 உறுப்பினர் கொண்ட அம்மன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அமர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவரல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர். அச்சிலருள் ராஜாவே முதன்மையானவர். ஆளுங்கட்சியாய் அமைந்த நீதிக்கட்சியின் துணைத்தலைவராகவும் அவர் சட்டமன்றத்தில் விளங்கினார்.

1922 ஜனவரி 20-ஆம் நாள் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்று எழுதும் வழக்கத்தை விடுத்து, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத வேண்டும் என்பதே அத்தீர்மானம். அது நிறைவேறியது, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அரசாணையாகவும் வெளிவந்தது.

பெயரில் என்ன இருக்கின்றது என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தன் மகனுடைய பெயருக்கு எதிரே என்ன எழுதப்படுகின்றது என்று கண்டு தலைகுனிந்து நின்ற தந்தை அவ்வாறு சொல்லமாட்டார். அப்பதிவேட்டின் சொல்லை மாற்றியது ஓர் ஆசிரியராய் இருந்தவர் என்பது பொருத்தமே.

ஆயினும் நீதிக்கட்சியில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது. அதனையொட்டிக் கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்மீது பழிசுமத்திப் பேசியதும், தம் மக்களுக்குக் கட்சியில் உரிய இடம் கிட்டாமையும் அவரைப் புண்படுத்தின. 1923-இல் அவர் விலகினார். பதவியை முன்னிட்டு வாய்மூடி இருக்க அவருக்கு மனமில்லை.

பின்னர் ஒரு பாதை

இவ்விடத்தில் நம் மாவட்டத்தின் மற்றொரு மைந்தரையும் நினைவுகூர்தல் தகும். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1924 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். பொதுத் தெருக்களிலும் பாதைகளிலும் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்று அது கூறியது. மறு ஆண்டு அரசிதழில் அது வெளியிடப்பெற்றது. அதே 1924-இல்தான் கேரள நாட்டு வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்துகொண்டிருந்தது என்பதை எண்ணினால், அத்தீர்மானத்தின் அருமை விளங்கும்.

ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. பாதையை மறிப்பவனைத் தண்டிக்க அத்தீர்மானத்துக்கு வலிமையில்லை. சட்டம் வருவதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் ராஜா தில்லி மத்தியச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்தார். 1932-இல் பெரியதொரு கருத்து வேறுபாடு எழுந்தது. ஒடுக்கப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றார் டாக்டர் அம்பேத்கர். பொதுத் தொகுதியிலேயே இட ஒதுக்கீடு போதும் என்று இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ராஜா உடன்பாடு செய்துகொண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் புனே ஒப்பந்தம் கையெழுத்தானபோது அம்பேத்கர், சீனிவாசன், ராஜா ஆகிய மூவரும் அதில் ஒப்பமிட்டனர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. சாதி இந்துக்களின் நல்லெண்ணத்தை நம்பி ராஜா எடுத்த முடிவு அது. அந்நம்பிக்கை விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று.

1938: ஒரு வெற்றி, ஒரு தோல்வி

1937-இல் சில மாதங்களே நீடித்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராய் இருந்தார். பின்னர் இராஜாஜியின் காங்கிரசு ஆட்சி அமைந்தது. 1938-இல் சட்டப்பேரவையில் தனி உறுப்பினராகவே ராஜா ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சாதி காரணமாக எவரையும் பொதுப் பாதை, கிணறு, நீர்நிலை, ஊர்தி, அரசுப் பணி ஆகியவற்றினின்று விலக்குதல் கூடாது. அத்தகைய விலக்கை வழக்காறு என்று சொல்லி எந்த நீதிமன்றமும் ஏற்றல் கூடாது என்பது அதன் சாரம். அரசும் ஆதரித்தமையால் அது நிறைவேறி, சமூக இயலாமைகள் நீக்கச் சட்டமாயிற்று. சீனிவாசன் 1924-இல் விதைத்தது, ராஜாவின் கையால் அறுவடையாயிற்று.

அதே ஆண்டில் கோயில் நுழைவுக்கும் அவர் மசோதா கொணர்ந்தார். திருவிதாங்கூரில் 1936-இலேயே அரசர் ஆணையால் கோயில்கள் திறக்கப்பட்டிருந்தன. இங்கும் கதவு திறக்கும் என்று ராஜா எதிர்பார்த்தார். ஆயின், மக்கள் கருத்து இன்னும் கனியவில்லை, மலபாருக்கு மட்டும் முதலில் சட்டம் செய்வோம் என்றது அரசு. அவர் பின்வாங்காமல் வாக்கெடுப்பு வரை சென்றார், தோற்றார். இதனால் உற்ற மனவேதனையைக் காந்தியடிகளுக்குக் கடிதம் வாயிலாகவும் தெரிவித்தார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில், முன்னர் மாறுபட்டு நின்ற அம்பேத்கருடன் அவர் நெருங்கி வந்தார்.

தோற்ற மசோதா வீணாயிற்றா? 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதனைக் காக்கச் சட்டமும் வந்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. ராஜா அதனைக் காண உயிரோடு இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது.

சட்டம் நிற்கும் இடமும் நாம் நிற்கும் இடமும்

அன்புக்குரிய குடும்பத்தினரே, சட்டம் பாதையைத் திறந்துவிடும். அப்பாதையில் வருபவரைத் திண்ணையில் அமரச் சொல்வது அண்டை வீட்டார் கையில் உள்ளது. இவ்வுண்மை கோயில் மதிலோடு நின்றுவிடுவதன்று. வடக்கன்குளத்தில் நம் ஆலயத்தினுள்ளேயே சாதிக்கொரு பக்கமெனப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்ததும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைப்பணியாளர் அதனை இடித்தபோது எழுந்த பூசலும் வரலாறு. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பகுதிகள் உள்ள ஊர்கள் தமிழகத்தில் இன்னும் உண்டு என்பதை யார் மறுக்க இயலும்? பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிருக்கை காட்டி ஏழையை ஓரமாய் நிற்கச் சொல்லும் சபையைத் திருத்தூதர் யாக்கோபு கண்டித்தார். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் நீர் கேட்டவரன்றோ நம் ஆண்டவர்? அவ்வாறிருக்க, பிறர் கிணற்றைப் பேசும்முன் நம் தோட்டத்து வேலியைப் பார்ப்பது முறை.

மாற்றம் வரவில்லை என்று சோர்வதற்கும் இடமில்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாகிச் சிட்லபாக்கமும் அதனுள் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதன் முதல் மேயர் பதவி பட்டியல் வகுப்புப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டு, திருமதி வசந்தகுமாரி மேயரானார். அது 2022. ஒரு மக்களை இழிபெயரால் எழுதாதீர் என்று பரங்கிமலை ஆசிரியர் சட்டமன்றத்தில் கேட்டு, சரியாக நூறு ஆண்டுகள்.

அடுத்த முறை பரங்கிமலைக்குத் திருப்பயணம் செல்கையில், மலையேறும்முன் பிள்ளைகளுக்கு இவரைப்பற்றி ஒரு சொல் சொல்லுங்கள். அவர்தம் வகுப்புத் தோழர் நம் வீட்டுக்கு வந்தால், எந்தத் தெரு என்று கேளாமல், நாம் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். சட்டமன்றத்தில் முடியாத பகுதி அங்கேதான் நிறைவேற வேண்டும்.